கேட்டு எழுதியவை

உள்விசாரணை நடக்கிற அறைக்கு எங்கள் மில்லில் தனியாகப் பெயர் எதுவும் கிடையாது. டைம் ஆபீசுக்குப் பின்னால், பழைய வருகைப் பதிவேடுகளை அடுக்கி வைத்திருந்த அறை அது. விசாரணை என்று வந்தால் ஒரு மேசையும் சில நாற்காலிகளும் போடுவார்கள். நடுவில் விசாரணை அதிகாரி உட்காருவார். பெரும்பாலும் கோயமுத்தூரிலிருந்து வருகிற வக்கீல். ஒரு பக்கம் நிர்வாகத் தரப்பை நடத்துகிறவர். எதிர்ப்பக்கம் சார்ஜ் ஷீட் வாங்கிய தொழிலாளி, அவருக்கு உதவியாக வந்த சக தொழிலாளி. மேசை ஓரத்தில், பேசப்படுவதையெல்லாம் எழுதிக்கொள்ள நான். 1980களின் தொடக்கத்தில் அந்த நூற்பாலையின் பெர்சனல் டிபார்ட்மென்டில் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். கையெழுத்து தெளிவாக இருக்கிறது என்று அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்கள். பிறகு அதே துறையில் அதிகாரியாகி, வேறு மில்களுக்கும் போய், ஓய்வு பெற்றேன். ஒரு தொழிலாளியைக் கண்டிப்பது, தண்டிப்பது, வெளியே அனுப்புவது பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்த மேசை ஓரத்தில் கற்றது.

மில்லுக்கு ஒழுங்கு வேண்டும் என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. ரிங் ஃபிரேமில் நிற்கிற சைடர் கண்ணயர்ந்தால் அறுந்த நூல் ஒட்டப்படாமல் கிடக்கும், பஞ்சு கழிவாகப் போகும். புளோரூமில் ஒருவர் பீடி பற்றவைத்தால் மொத்த மில்லும் தீப்பிடிக்கும். ஒருவர் சொல்லாமல் நின்றுவிட்டால் பக்கத்து ஆள் இரண்டு மடங்கு ஓட வேண்டும். மெமோ, ஷோகாஸ் நோட்டீஸ், சார்ஜ் ஷீட், சஸ்பென்ஷன், டிஸ்மிஸ் என்ற வரிசை தேவையில்லை என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. ஆனால் அந்த வரிசையின் நடுவில் ஓரிடத்தில் தொழிலாளி வாய்திறந்து பேச வேண்டும். அவர் பேசியதை, தண்டிக்கும் அதிகாரம் உள்ளவர்கள் உட்கார்ந்து கேட்க வேண்டும். அந்த ஓரிடத்தை ஒப்புக்கு நடத்திய மில்களையும், மனசாட்சியோடு நடத்திய மில்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டாவது வகை மில்லில்தான் மேஸ்திரி சொன்னால் ஆட்கள் கேட்டார்கள்.

எது குற்றம், அதற்கு என்ன தண்டனை என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கச் சொன்னது 1946ஆம் ஆண்டின் நிலையாணைச் சட்டம். 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்த தொழிற்சாலை நிலையாணைகளைத் தயாரித்து, தொழிலாளர் தரப்பின் ஆட்சேபணையையும் கேட்கிற சான்றளிக்கும் அதிகாரியிடம் ஒப்புதல் வாங்க வேண்டியிருந்தது. ஆங்கிலத்திலும், தொழிலாளர்களில் பெரும்பாலோருக்குப் புரிகிற மொழியிலும் வாசலருகே பலகையில் வைக்க வேண்டியிருந்தது. எங்கள் மில்லிலும் கேட்டை ஒட்டி ஒரு கண்ணாடிச் சட்டத்துக்குள் இரண்டும் தொங்கின. ஷிப்டுக்கு ஓடுகிறவர்கள் யார் நின்று படிப்பார்கள்? முழுக்கப் படித்து, எண் சொன்னால் வாசகம் சொல்லும் அளவுக்கு மனப்பாடம் செய்திருந்தவர் ஒருவர்தான். கார்டிங்கில் வேலை செய்த சங்கச் செயலாளர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். தொழிலாளி முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் அவர் 'தோழர்'தான்.

தோழர் விசாரணைக்கு வந்து உட்கார்ந்தால் முதலில் என் பேப்பரைத்தான் பார்ப்பார். "தம்பி, சொல்றதை மட்டும் எழுதுங்க. நல்லா இருக்கட்டும்னு எதையும் சேர்க்காதீங்க, நீட்டமா இருக்குதுன்னு எதையும் விடாதீங்க" என்பார். அவர் எதிர்த்தரப்பு, நான் நிர்வாகத்தின் ஆள். ஆனாலும் என் தொழிலை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

ஒரு விசாரணையை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். ஃபுல் நைட்டில் ஒரு சைடர் தூங்கிவிட்டார். வேலை நேரத்தில் தூங்குவது எங்கள் நிலையாணையில் தெளிவாக எழுதப்பட்ட குற்றம். பார்த்தவர் ஷிப்ட் சூப்பர்வைசர், ரிப்போர்ட் கொடுத்தவரும் அவரே. தொழிலாளி தன் பதிலில் "தூங்கினது உண்மைங்க, மன்னிச்சுக்கோணுங்க" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அதோடு வழக்கு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். டிஸ்மிஸ் செய்யலாம் என்று மேலே பேச்சும் இருந்தது. தோழர், அப்படியிருந்தாலும் சூப்பர்வைசரைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும் என்றார்.

"நீங்க பார்த்தப்ப மணி என்னங்க இருக்கும்?"

"மூணே முக்கால்."

"அப்ப அவரு எத்தனை ஆளோட சைடு பார்த்துட்டு இருந்தாருங்க?"

சூப்பர்வைசர் கொஞ்சம் தயங்கினார். "ரெண்டு ஆளோடது."

"இன்னொரு ஆளு?"

"வரலை."

"பதிலி போடலீங்களா?"

"பதிலி கிடைக்கலை."

"அதுக்கு முந்தின அரை நைட்லயும் இவரேதானுங்க நின்னாரு?"

"ஆமா."

"வீட்டுக்குப் போறேன்னு சொன்னாருங்களா?"

"சொன்னாரு."

"இருக்கச் சொன்னது யாருங்க?"

"நான்தான்."

அரை நைட், ஃபுல் நைட் என்ற அந்த இரண்டு ஷிப்டும் ஒருவர் தொடர்ந்து நின்றால் மாலை ஏறிய கால் காலையில்தான் இறங்கும். ரிங் ஃபிரேம் ஓரமாக நடந்தே அந்த நேரத்தைக் கழிக்க வேண்டும். நூல் அறாமல் இருக்க வேண்டும் என்று ஹாலுக்குள் ஈரக்காற்றை விட்டுக்கொண்டே இருப்பார்கள். வெக்கையும் ஈரமும் இயந்திரச் சத்தமும் சேர்ந்து, அதிகாலை மூன்று மணிக்கு மேல் யாரையும் ஒரு மாதிரி அமுக்கும். அங்கே இருந்த எல்லோருக்கும் இது தெரியும். ஆனால் தெரிந்த விஷயம் பேப்பரில் ஏற வேண்டும்.

வக்கீல், சாட்சி சொன்னதை ஆங்கிலத்தில் சொல்லி என்னை எழுதச் சொல்வது வழக்கம். "நான்தான்" என்ற பதிலுக்கு அவர், ஆள் பற்றாக்குறையால் உற்பத்தித் தேவை கருதி அத்தொழிலாளி தொடர்ந்து பணியமர்த்தப்பட்டார் என்று பொருள்படும் நீண்ட வாக்கியம் ஒன்றைத் தொடங்கினார். தோழர் குறுக்கிட்டார். "அய்யா, அவரு அதைச் சொல்லலீங்களே. 'நான்தான்'னு சொன்னாரு. அதை அப்படியே தமிழ்ல எழுதச் சொல்லுங்க. கையெழுத்துப் போடறவங்களுக்குப் படிக்கத் தெரியோணுமில்லீங்களா?" வக்கீல் என்னைப் பார்த்தார். நேர்மையானவர் அவர், மறுக்கவில்லை. பேனாவைத் திரும்பப் பிடித்து, அந்தக் கேள்வியையும் பதிலையும் தமிழில் எழுதினேன். அன்று முதல் எங்கள் மில்லின் விசாரணைக் குறிப்புகள் தமிழிலேயே எழுதப்பட்டன. தொழிலாளியும் சூப்பர்வைசரும் ஒவ்வொரு பக்கத்தையும் படித்துவிட்டே கையெழுத்துப் போட்டார்கள்.

தூங்கியது நிரூபணமானது என்றுதான் விசாரணை அறிக்கை வந்தது. அது சரி. தூங்கியவர் தூங்கியவர்தான். தண்டனை எச்சரிக்கையோடு நின்றது. அதைவிட முக்கியமான ஒன்று, அறிக்கையைப் படித்த மேனேஜர் செய்தது. எழுத்தில் அனுமதி வாங்காமல் யாரையும் அடுத்த ஷிப்டுக்கு நிறுத்தக் கூடாது என்று சூப்பர்வைசர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். வராமல் போனவர்களுக்குப் பதிலிப் பட்டியல் தயார் செய்யச் சொன்னார். பிறகு ஃபுல் நைட்டில் தூங்கியதாக வந்த ரிப்போர்ட்டுகள் குறைந்தன. ஒரு ஆளை டிஸ்மிஸ் செய்திருந்தால் இது எதுவும் நடந்திருக்காது. அவர் இடத்தில் இன்னொருவர் பாபின் பெட்டி மேல் உட்கார்ந்து தூங்கியிருப்பார்.

தோழர் எல்லோரையும் காப்பாற்றினார் என்று நினைக்கக் கூடாது. கழிவுப் பஞ்சு மூட்டைக்குள் நூல் கோன்களை வைத்து வெளியே அனுப்பிய ஒருவர் பிடிபட்டார். குடோன் ரசீது, லாரி நேரம், செக்யூரிட்டி பதிவேடு எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தின. தோழர் எல்லா ஆவணங்களையும் வாங்கிப் பார்த்தார், எல்லாச் சாட்சியையும் கேட்டார், கடைசியில் அந்த ஆளிடம், "கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டாச்சுங்க. இனி உங்களுக்காகப் பொய் சொல்ல என்னால ஆகாது" என்றார். அந்த ஆள் டிஸ்மிஸ் ஆனார். லேபர் கோர்ட்டுக்குப் போனார். 1971இல் தொழில் தகராறுச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 11ஏ பிரிவின்படி தண்டனை அதிகம் என்று தோன்றியிருந்தால் நீதிமன்றமே அதைக் குறைத்திருக்கலாம். குறைக்கவில்லை. விசாரணை முழுமையாக நடந்திருந்ததால் அங்கே யாருக்கும் சொல்ல எதுவும் இருக்கவில்லை.

இந்த நடைமுறை வானத்திலிருந்து விழவில்லை என்பதைத் தோழர் அடிக்கடி சொல்வார். 1918 ஏப்ரல் 27ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது பெரம்பூர் பக்கத்து மில் ஆட்களின் குறை கூலி மட்டும் இல்லை. அதிகாரிகளின் வசவும் கைநீட்டலும், சாப்பிடக்கூட நேரம் போதாததும் சேர்ந்தே அவர்களை, அந்தச் சங்கத்துக்குத் தலைமை தாங்கிய வாடியாவிடமும் திரு.வி.க.விடமும் கொண்டுவந்து சேர்த்தன என்பார். அபராதம் போடுவது அந்தக் காலத்தில் மேஸ்திரியின் நாக்கு நுனியில் இருந்த அதிகாரம். 1936இல் வந்த ஊதியப் பட்டுவாடாச் சட்டம்தான் அதற்குக் கடிவாளம் போட்டது: எந்தச் செயலுக்கு அபராதம் என்று முன்பே அறிவித்திருக்க வேண்டும், ஆளுக்கு விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும், ரூபாய்க்கு அரையணாவுக்கு மேல் போகக் கூடாது, பதிவேட்டில் ஏற்ற வேண்டும். வசூலான பணத்தைத் தொழிலாளர் நலனுக்கு மட்டுமே செலவு செய்ய வேண்டும் என்ற கடைசி விதி எனக்கு மிகவும் பிடித்தது. தண்டிப்பதால் முதலாளிக்கு லாபம் வரக் கூடாது என்று அன்றைக்கே யோசித்திருக்கிறார்கள்.

உச்ச நீதிமன்றம் 1963இல் சுர் எனாமல் வழக்கில் ஒரு விசாரணையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று வரிசையாகச் சொன்னது. குற்றச்சாட்டு தெளிவாக இருக்க வேண்டும். சாட்சிகளைத் தொழிலாளியின் முன்னால் விசாரிக்க வேண்டும். குறுக்கு விசாரணைக்கு வாய்ப்புத் தர வேண்டும். அவர் தரப்புச் சாட்சியையும் கேட்க வேண்டும். முடிவைக் காரணத்தோடு எழுத வேண்டும். அதே ஆண்டு மீன்கிளாஸ் தேயிலைத் தோட்ட வழக்கில், சம்பவத்தில் சம்பந்தப்பட்ட மேலாளர்களே விசாரணையையும் நடத்தியதை நீதிமன்றம் ஏற்கவில்லை. இந்தத் தீர்ப்புகளை நான் பின்னாளில்தான் படித்தேன். தோழர் இவற்றின் பெயர்களைச் சொன்னதில்லை. அவர் கேட்ட கேள்விகளில் இவை எல்லாம் இருந்தன.

பிறகு நான் போன இன்னொரு மில்லில், லீவு முடிந்து குறிப்பிட்ட நாளுக்குள் வராதவர் தானாகவே வேலையை விட்டதாகக் கருதி 'பேர் அடிக்கிற' பழக்கம் இருந்தது. விசாரணை கிடையாது, கேட்டில் வந்து நின்றால் "உங்க பேரு இல்லீங்க" என்று வாட்ச்மேன் சொல்வார். ஒருவர் கோவை பெரியாஸ்பத்திரியில் தாயாரோடு இருந்துவிட்டு வந்தார். லீவை நீட்டிக்கச் சொல்லி அவர் அனுப்பிய இன்லேண்ட் லெட்டர் டைம் ஆபீஸ் டிராயரிலேயே கிடந்தது. அதைத் தேடி எடுத்தபோது அவர் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். அவரை உள்ளே அழைத்துக்கொண்டோம். அந்தப் பழக்கத்தையே விட வேண்டும் என்று நான் எழுதிய குறிப்புக்குப் பலம் கொடுத்தது 1993இல் வந்த டி.கே. யாதவ் வழக்கின் தீர்ப்பு. எட்டு நாளுக்கு மேல் வரவில்லை என்று ஒரு தொழிலாளியைக் கேட்காமலே நீக்கியது செல்லாது, நிலையாணையில் அப்படி எழுதியிருந்தாலும் அவர் சொல்வதைக் கேட்டாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒருவனுடைய வேலை அவனுடைய வாழ்வோடு சேர்ந்தது என்ற அடிப்படையில் எழுதப்பட்ட தீர்ப்பு அது.

கோலார் தங்கவயலின் கேப்டன் பால் அந்தோணி வழக்கை நான் எடுத்த எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லாமல் விட்டதில்லை. அங்கே பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவர். 1985இல் வீட்டில் போலீஸ் சோதனை நடந்து சஸ்பெண்ட் ஆனார். சஸ்பென்ஷன் காலத்துக்கான பிழைப்பூதியம் கொடுக்கவில்லை. கேரளத்தில் சொந்த ஊரில் இருந்த அவருக்கு விசாரணைக்கு வந்து போகப் பணமில்லை. அவர் இல்லாமலே விசாரணை நடந்து, 1986இல் டிஸ்மிஸ் ஆனார். 1987இல் கிரிமினல் கோர்ட் அவரை விடுதலை செய்தது. வேலை திரும்பக் கிடைக்க 1999இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. சஸ்பென்ஷன் காலத்தில் சோற்றுக்கு வழி இல்லாமல் செய்துவிட்டு, 'வந்து உன் தரப்பைச் சொல்' என்று நோட்டீஸ் அனுப்பினால் அது விசாரணை ஆகாது. தமிழ்நாட்டில் 1981லேயே இதற்கென்று பிழைப்பூதியச் சட்டம் வந்தது: முதல் 90 நாளுக்குச் சம்பளத்தில் பாதி, பிறகு அதைவிட அதிகம். அந்தப் பாதிச் சம்பளத்தைத் தேதி தவறாமல் கொடுத்த மில்லில் விசாரணைகளும் சீக்கிரம் முடிந்தன. நிர்வாகத்துக்கும் பணம் போகிறதே என்ற அவசரம் இருந்தது.

1990களின் பிற்பகுதியில் காட்சி மாறியது. பழைய மில்கள் மூடப்பட்டன, சங்கமும் பலவீனமானது. தென் மாவட்டங்களிலிருந்து பதினெட்டு, இருபது வயதுப் பெண்களை மில் ஹாஸ்டலுக்கே கூட்டிவந்து, மூன்று ஆண்டு முடிந்ததும் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை என்று சொல்லி வேலைக்கு வைத்தார்கள். சுமங்கலித் திட்டம் என்று பெயர். நான் கடைசியாக வேலை பார்த்த மில்லிலும் அது இருந்தது. அங்கே மெமோ கிடையாது, சார்ஜ் ஷீட் கிடையாது. மேஸ்திரியோடு வாக்குவாதம் செய்தாலும், செல்போன் வைத்திருந்தாலும், உடம்பு முடியாமல் ஷிப்டுக்குப் போகாவிட்டாலும் வார்டன் ஊருக்குப் போன் போடுவார். அப்பாவோ மாமாவோ வந்து பெட்டியோடு கூட்டிப் போவார்கள். மூன்று ஆண்டு முடியாததால் தொகை கிடையாது.

தேனிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் அப்படிப் போகும்போது, இன்னும் சில மாதம்தான் பாக்கி. கோன் வைண்டிங்கில் நல்ல வேலைக்காரி. என்ன நடந்தது என்று அவளை உட்காரவைத்துக் கேட்டேன். அவள் அப்பா, "கேக்க என்னங்கய்யா இருக்கு? பொம்பளப் பிள்ளை, பேர் கெடுமுன்ன கூட்டிட்டுப் போயிடுறேன்" என்றார். அவள் மட்டும், "நான் சொல்லுறத யாராச்சும் எழுதிக்கிடுவீங்களா சார்?" என்றாள். எழுதினேன். மேஸ்திரி கையைப் பிடித்து இழுத்ததை அவள் எதிர்த்திருக்கிறாள். அதற்குப் பெயர்தான் ரிப்போர்ட்டில் வாக்குவாதம். "அவங்க ட்ரெய்னீங்க சார், என்கொயரி எதுக்கு?" என்று மேலே கேட்டார்கள். அவள் கையெழுத்துப் போட்ட அந்தத் தாளைக் காட்டி, வேலை செய்த மாதங்களுக்கு உரிய தொகையையாவது கொடுத்தே ஆக வேண்டும் என்று நின்றேன். கொடுத்தார்கள். மேஸ்திரியை வேறு யூனிட்டுக்கு மாற்றியதோடு நிறுத்திக்கொண்டார்கள். அவரை விசாரித்திருக்க வேண்டும். அதற்கு அந்த நிர்வாகம் கடைசிவரை சம்மதிக்கவில்லை. மூன்று ஆண்டு உழைப்பின் பலனைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண்ணை அடக்கி வைப்பதை ஒழுங்கு நடவடிக்கை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, இன்றும் வராது.

இப்போது 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. நிலையாணை பற்றிய அத்தியாயம் 300 பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்களுக்கே பொருந்தும். கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டாரத்தில் நூறு, இருநூறு பேரை வைத்து நடக்கிற மில்களும் பனியன் கம்பெனிகளும் எத்தனை என்று இங்கே வாழ்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சஸ்பெண்ட் செய்தால் சாதாரணமாக 90 நாளுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்று அதே தொகுப்பு சொல்வது நல்ல விஷயம். ஆனால் அந்தப் பாதுகாப்பு மிகவும் தேவைப்படுகிற சின்ன இடங்களுக்கு அது போகவில்லை.

சமீபத்தில் திருப்பூர் பக்கத்து கம்பெனி ஒன்றின் எச்.ஆர். பெண் என்னை வந்து பார்த்தார். செக்கிங் பிரிவில் ஒரு பையன் சூப்பர்வைசரைத் தள்ளிவிட்டான், சஸ்பெண்ட் செய்திருக்கிறோம், டிஸ்மிஸ் லெட்டர் தயாராக இருக்கிறது, கையெழுத்து ஆக வேண்டியதுதான் என்றார். "எங்க கம்பெனியில 180 பேர்தான் சார். ஸ்டாண்டிங் ஆர்டரே பொருந்தாதே, அப்புறம் எதுக்கு என்கொயரி?" நான் சொன்னேன்: "நிலையாணை பொருந்தாதும்மா, ஆனா அந்தப் பையன் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். டிஸ்மிஸை ரத்து செய்யவும் தண்டனையைக் குறைக்கவும் புதுச் சட்டத்திலும் அதுக்கு அதிகாரம் இருக்கு. 'அவன் என்ன சொன்னான், காட்டுங்க'ன்னு முதல்ல கேட்பாங்க. நீங்க எதைக் காட்டுவீங்க? அது கிடக்கட்டும். அவன் ஏன் தள்ளினான்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றார். அந்த லெட்டரைப் பையிலேயே வைத்துக்கொண்டு போனார்.

ஒரு வாரம் கழித்துப் போன் செய்தார். திங்கட்கிழமை விசாரணை வைத்திருக்கிறோம், வேறு யூனிட் மேனேஜர் ஒருவர் நடத்துகிறார், பையன் தன்னோடு வேலை செய்கிற ஒருவரை உதவிக்குக் கூட்டிவரலாம் என்று நோட்டீசில் எழுதியிருக்கிறோம், குறிப்பைத் தமிழிலேயே எடுக்கப் போகிறோம் என்றார். பிழைப்பூதியம் போட்டாகிவிட்டதா என்று கேட்டேன். இன்னும் அக்கவுண்ட்ஸில் நிற்கிறது என்றார். திங்கட்கிழமைக்கு முன்னால் அதைப் போட்டுவிடுங்கள், அவன் பஸ்ஸுக்குக் கடன் வாங்கிக்கொண்டு வரக் கூடாது என்றேன்.